உடைந்து வந்த இசைத்தட்டும் ஒரு பதில் கடிதமும்



ஆண்டுதோறும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் புகார்க் கடிதம் எழுதக் கற்றுத் தருகிறேன். அனுப்புநர், பெறுநர், திகதி, விளி, தலைப்பு என்று கரும்பலகையில் கட்டம் கட்டமாக எழுதிப் போடுவேன். குப்பை அள்ளப்படாமை, தெருவிளக்கு எரியாமை, வாங்கிய பொருள் பழுதாக இருந்தமை ஆகியவை நமக்குப் பழகிப்போன தலைப்புகள். மாணவர்களும் நன்றாகவே எழுதுகின்றனர். ஆனால் அக்கடிதத்தைப் பெறுகின்றவர் எவ்வாறு பதில் எழுத வேண்டும் என்பதை நான் ஒருநாளும் கற்பித்ததில்லை. அது எனக்கே தெரியாது என்பதைச் சென்ற ஆண்டு உடைந்துபோன ஓர் இசைத்தட்டு எனக்கு உணர்த்தியது.

என் தம்பி ஈப்போவில் பழம்பொருள் வணிகம் செய்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தையில் கடை விரிப்பான். மற்ற நாள்களில் இணையத்தின் வழி விற்றுக் கூரியரில் அனுப்புவான். தோட்டங்கள் செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிய பின்னர், லயன் வீடுகளிலிருந்து வெளியேறிய பொருள்களே அவன் சரக்கில் பெரும்பகுதி. பால் மங்குகள், பித்தளைச் செம்புகள், அரிக்கன் விளக்குகள், தோட்டத்துத் துரைகளின் பங்களாக்களில் இருந்த பீங்கான் தட்டுகள், கோலகங்சார் பக்கத்துச் சாயோங் மண் குடங்கள், பழைய தமிழ் இசைத்தட்டுகள் எனப் பலவும் அவனிடம் உண்டு. அவனுக்குப் பேச வரும், எழுத வராது. ஆகவே வாங்கியவர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதும் வேலை பல ஆண்டுகளாக என்னுடையது.

இப்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக உடையும். பால் மங்கு தடித்த சுடுமண், எளிதில் உடையாது. ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயரும். சாயோங் குடம் சுட்டவுடன் நெல் உமியில் புதைத்துக் கருமை ஏற்றப்படுவது. அதன் வயிறு தாங்கும், கழுத்துத் தாங்காது. இவை எல்லாவற்றையும்விட இளகிய உயிர் இசைத்தட்டுக்குத்தான். நிமிடத்திற்கு 78 முறை சுழலும் அந்தக் காலத்துத் தட்டுகள் நெகிழியால் ஆனவை அல்ல. அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல்தூளைக் கலந்து அழுத்திச் செய்தவை. 1908 ஆம் ஆண்டில் கல்கத்தாவின் சியால்டாவில் தொடங்கப்பட்ட கிராமபோன் நிறுவனத்தின் ஆலை பின்னர் டம்டம் பகுதிக்கு மாறியது. தமிழ்த் தட்டுகள் பலவும் அங்கிருந்தே வந்தன. பத்து அங்குல அகலம், ஒரு பக்கத்திற்கு ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டு. கையிலிருந்து நழுவினால் அப்பளம்தான்.

தொடக்கத்தில் நான் எழுதிய பதில்கள் பணிவாகவே இருந்தன. பிறகு ஒருமுறை, உடைந்த சாயோங் குடம் என்று ஒருவர் அனுப்பிய படத்தில் இருந்தது நாங்கள் அனுப்பிய குடமே அன்று. கழுத்து வளையங்களின் எண்ணிக்கை வேறாக இருந்தது. இரு படங்களையும் அருகருகே வைத்து நான் எழுதிய பதிலுக்கு அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை. தம்பி என்னைப் பெரிதும் பாராட்டினான். எனக்கும் பெருமைதான். அன்றிலிருந்து என் நடை மாறிவிட்டது. பொதியைத் திறக்கும்போது எடுத்த காணொளி இல்லையென்றால் பணம் திருப்பித் தரப்படாது என்ற விதியைத் தம்பி எழுதி வைத்தான். அதற்கு இலக்கணச் சுத்தமான வாசகம் அமைத்துக் கொடுத்தவன் நான்.

சென்ற ஆண்டு சுங்கைப் பட்டாணியிலிருந்து ஒரு புகார் வந்தது. 120 ரிங்கிட் கொடுத்து வாங்கிய இசைத்தட்டு இரண்டு துண்டாக வந்து சேர்ந்திருக்கிறது. வாங்கியவர் ஒரு மூதாட்டி. பேரன் வழியாகப் புலனத்தில் படம் அனுப்பியிருந்தார். காணொளி ஏதும் இல்லை. நான் வழக்கம்போல் எழுதினேன். பொருள் எங்களிடமிருந்து புறப்படும்போது நல்ல நிலையில் இருந்தது. தங்களிடம் வந்த பிறகு உடையவில்லை என்பதற்கு என்ன சான்று என்று கேட்டிருந்தேன். ஒரு சந்திப்பிழைகூட இல்லாத கடிதம் அது.

மறுநாள் பதில் வந்தது. பள்ளிக் குறிப்பேட்டுத் தாளில் கையால் எழுதி, அதைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார். எழுத்துகள் பெரிது பெரிதாக, வரிக்கு வரி சாய்ந்திருந்தன. தாம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் மரம் சீவியவர் என்றும், அந்தத் தட்டு தம் கணவர் வைத்திருந்து, கஷ்ட காலத்தில் விற்றுவிட்ட பாட்டு என்றும் எழுதியிருந்தார். கடைசி இரண்டு வரிகளை என்னால் கடந்து செல்ல முடியவில்லை. ஸ்டோரில் பால் நிறுக்கும்போது கிராணியும் தம்மிடம் இப்படித்தான் சாட்சி கேட்பார் என்றும், அப்போதும் தம்மிடம் சாட்சி இருந்ததில்லை என்றும் எழுதியிருந்தார்.

தோட்டத்தில் வளராத இளைய ஆசிரியர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். வெட்டுக்காரர்கள் கொண்டுவரும் பாலை ஸ்டோரில் எடை போடுவார்கள். பாலில் இரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று அறிய மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியை விட்டுப் பார்ப்பார்கள். அது காட்டும் அளவைக் கிராணி பேரேட்டில் எழுதுவார். அந்த எண்ணை வைத்தே கூலி கணக்கிடப்படும். கருவியைப் படிப்பவர் அவர், எழுதுபவர் அவர், பேரேட்டை மூடி வைப்பவரும் அவரே. குறைந்துவிட்டதாக வெட்டுக்காரர் சொன்னால், சொன்னவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். என் தந்தையாரும் மரம் சீவியவர். பள்ளி விடுமுறையில் அவருடன் ஸ்டோருக்குப் போயிருக்கிறேன். எண்ணைக் கேட்டதும் அவர் ஒரு கணம் நின்று, பிறகு காலி வாளிகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். எல்லாக் கிராணிமாரும் ஏமாற்றியவர்கள் அல்லர். ஆனால் ஏமாற்றாத கிராணியையும் கேள்வி கேட்க வழி இருந்ததில்லை.

அந்தத் தந்தையின் மகனாகிய நான், படித்து ஆசிரியராகி, இப்போது பேரேட்டின் இந்தப் பக்கம் அமர்ந்திருந்தேன்.

இருப்பினும் உடனே மனம் மாறிவிட்டேன் என்று சொன்னால் அது பொய். எங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று நிலைநாட்டவே முதலில் முயன்றேன். ஒவ்வொரு தட்டையும் அனுப்பும் முன் கிராமபோனில் ஓடவிட்டுக் காணொளி எடுத்து வைப்பது தம்பியின் வழக்கம். அதை அனுப்பச் சொல்லி இரவில் தனியே அமர்ந்து கேட்டேன். பாட்டு இனிமையாகவே ஒலித்தது. ஆனால் அதன் அடியில் ‘டிக், டிக்’ என்று ஒரு சிறு ஓசை, சீராக வந்துகொண்டே இருந்தது. கடிகாரத்தை வைத்து எண்ணிப் பார்த்தேன். நிமிடத்திற்கு எழுபத்தெட்டு.

தட்டு ஒருமுறை சுழல ஒருமுறை ஓசை வருகிறதென்றால், ஊசி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே கோட்டைக் கடக்கிறது என்று பொருள். விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் மயிரிழை விரிசலின் அடையாளம் அது. கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். அத்தகைய தட்டு ஒரு சிறு அதிர்ச்சிக்கே அக்கோட்டின் வழியே பிளந்துவிடும். நாங்களோ விற்பனை விளக்கத்தில் ‘விரிசல் இல்லை’ என்று எழுதியிருந்தோம். அந்த வாசகமும் என்னுடையதுதான்.

தம்பியை அழைத்தேன். “பழைய தட்டுண்ணே, சத்தம் இருக்கத்தானே செய்யும்?” என்றான். எப்படிக் கட்டினாய் என்று கேட்டேன். உறையின்மேல் குமிழ்த்தாள் சுற்றி, ஓர் அட்டையோடு சேர்த்து, அளவான பெட்டியில் வைத்ததாகச் சொன்னான். பெட்டியின்மேல் ‘உடையும் பொருள்’ என்று மூன்று மொழிகளில் ஒட்டியிருந்தானாம். பொதிகளை ஓடுபட்டையில் தள்ளிப் பிரிக்கும் இயந்திரத்திற்கு எந்த மொழி தெரியும்? பெட்டி அளவாக இருந்ததே தவறு. வெளியே விழும் அடி நேராகத் தட்டின் விளிம்பைச் சென்று சேர்ந்திருக்கிறது.

அன்றிரவே அந்த அம்மாவுக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் வரியில் மன்னிப்பு. இரண்டாவது வரியில், தட்டில் முன்னரே விரிசல் இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை என்ற உண்மை. மூன்றாவது வரியில், பணம் முழுவதும் அனுப்புக்கூலியோடு மறுநாளே திருப்பி அனுப்பப்படும் என்ற உறுதி. அதற்குமேல் எழுத எதுவும் இல்லை. எழுதி முடித்தபோதுதான் தெரிந்தது, என் முதல் கடிதம் இதைப்போல நான்கு மடங்கு நீளம் என்று.

அவர் தொலைபேசியில் அழைத்தார். “பணம் வந்திருச்சு சார். ஆனா அந்தப் பாட்டு வேற எங்கயாவது கெடைக்குமா?” என்று கேட்டார். அந்தத் தட்டின் வேறு படி எங்களிடம் இல்லை. எங்களைக் காத்துக்கொள்ள எடுத்து வைத்த காணொளி மட்டுமே இருந்தது. அதைத்தான் அனுப்பினேன். ‘டிக், டிக்’ ஓசை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா என்றேன். தம் வீட்டுத் தட்டிலும் அப்படித்தான் இருந்தது என்றார்.

இப்போது தம்பியின் முறை மாறியிருக்கிறது. தட்டைவிட ஓர் அங்குலம் எல்லாப் பக்கமும் நீளும் இரண்டு தடித்த அட்டைகளுக்கு நடுவே தட்டை வைக்கிறான். அட்டைகளின் நெளிவு ஒன்றுக்கொன்று குறுக்காக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறான். அதை ஒரு பெட்டியில் இட்டு, அப்பெட்டியை இன்னொரு பெரிய பெட்டிக்குள் வைத்து, நாற்புறமும் கீழும் மேலும் இரண்டு அங்குல இடைவெளியில் கசக்கிய தாளை இறுக்கமாக நிரப்புகிறான். குலுக்கினால் எதுவும் அசையக் கூடாது. சாயோங் குடமென்றால் உள்ளேயும் தாள் நிரப்பிக் கழுத்தைத் தனியே சுற்றுகிறான். காணொளி விதியை முற்றாக நீக்கவில்லை. காணொளி இருந்தால் அனுப்புங்கள். இல்லையென்றால் உடைந்த பொருளையும் பெட்டியையும் எறியாமல் படமெடுத்து அனுப்புங்கள் என்று மாற்றி எழுதினோம். உடைந்த விதத்தைப் பெட்டியின் நசுங்கலே பெரும்பாலும் சொல்லிவிடும். கூரியரிடம் இழப்பீடு கேட்க வேண்டியதும் நம் வேலை. அதை வாங்கியவர் தலையில் கட்டக் கூடாது.

நம் நாட்டின் 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்ற பொருள் அதன் விளக்கத்திற்கு ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் பயனீட்டாளர் ஐந்து ரிங்கிட் கட்டணத்தில், வழக்குரைஞர் இன்றியே நடுவர் மன்றத்தில் கோரிக்கை பதியலாம். அங்குக் கோரக்கூடிய தொகையின் வரம்பு 2019 ஆம் ஆண்டில் 50,000 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. பெற்றோர்கள் இதனைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது. அந்த அம்மா அங்குச் செல்லவில்லை. எனக்குத்தான் எழுதினார். நம்மிடம் ஒருவர் புகார் சொல்கிறார் என்றால், நம்மை இன்னும் நம்புகிறார் என்றுதான் பொருள். நம்பிக்கை இழந்தவர்கள் என் தந்தையைப்போல் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

திருவள்ளுவர் தராசையும் வாணிகத்தையும் நடுவுநிலைமை என்ற ஒரே அதிகாரத்தில் வைத்திருக்கிறார். பலமுறை அதைக் கற்பித்திருக்கிறேன். தராசைப் பிடித்திருப்பவன் நானாகவும் இருக்கலாம் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

பள்ளியிலும் இதே நிலைதான். பிள்ளையின் புத்தகத்தை யாரோ கிழித்துவிட்டதாக ஒரு தாய் வந்து நின்றால், “யார் பார்த்தது?” என்பதே நம் வாயிலிருந்து வரும் முதல் சொல். பொய்ப் புகார்களும் உண்டு; மறுக்கவில்லை. சாயோங் குடத்துக்காரரை நான் மறக்கவில்லை. ஆனால் அந்த ஒருவருக்காக எழுதிய பதிலை அடுத்து வந்த அனைவருக்கும் அனுப்பியதே என் பிழை. விசாரணை வேண்டும், அது நம் மேசையிலிருந்து தொடங்க வேண்டும்.

இவ்வாண்டு புகார்க் கடிதப் பாடத்தை நடத்தியபோது வகுப்பை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியினர் வாங்கிய பொருள் உடைந்து வந்ததாகப் புகார் எழுதினர். மறுபாதியினர் கடைக்காரராக இருந்து பதில் எழுதினர். பெரும்பாலான பதில்கள் என் பழைய கடிதத்தைப் போலவே இருந்தன, எங்கிருந்து கற்றார்களோ! ஒரு மாணவி மட்டும் முதல் வரியில், “நீங்கள் அதை யாருக்காக வாங்கினீர்கள்?” என்று எழுதியிருந்தாள். கட்டமைப்பின்படி அது பிழை. தலைப்பும் எழுதவில்லை, திகதியும் இல்லை.

அவற்றிற்குரிய புள்ளிகளைக் குறைத்துவிட்டு, அக்கடிதத்தை வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.