பயிற்சியாளரை அளக்கும் கோல்

உலகத்திலே மிகவும் இலகுவான உத்தியோகம் எது என்று எம்மை யாரேனும் வினவினால், மைதானத்து வாங்கில் அமர்ந்துகொண்டு பயிற்சியாளரைக் குறை கூறுவதே என்று தயங்காது விடையளிப்போம். சம்பளம் இல்லை என்பது ஒன்றே அதிலுள்ள குறை. அந்த உத்தியோகத்தை நாமும் நெடுங்காலம் வகித்தவர்களே. அதிலிருந்து எப்படி விலகினோம் என்பதைச் சொல்லவே இன்று எழுதத் துணிந்தோம்.

2018ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து நொக்ஸ்வில் நகரில், மகள் வீட்டிலே சில வாரங்கள் தங்கியிருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மருமகன், "மாமா, வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்து என்ன செய்யப்போகிறீர்கள்? வாருங்கள், பேஸ்போல் பார்த்துவருவோம்" என்று அழைத்தார். டென்னசிப் பல்கலைக்கழகத்தின் லின்ட்சி நெல்சன் மைதானத்துக்குச் சென்றோம். எங்கு நோக்கினும் செம்மஞ்சள் நிறச் சட்டைகள். அயல் வீட்டுப் பெரியவர் ஒருவரும் எம்முடன் வந்திருந்தார். மடியில் ஒரு கொப்பி, கையிலே பென்சில். கிறிக்கெட் பார்த்துப் பழகிய எமக்கு அந்த ஆட்டம் முற்றும் அந்நியமாய்த் தோன்றவில்லை. பந்து உண்டு, மட்டை உண்டு, ஓட்டம் உண்டு. தோற்கும் கட்சியின் ஆதரவாளர் முகங்களும் நாம் அறிந்த முகங்களே.

அந்த முகவாட்டத்துக்குக் காரணம் இருந்தது. ஒமாகா நகரிலே ஆண்டுதோறும் எட்டுக் கல்லூரி அணிகள் தேசிய விருதுக்காகப் பொருதும். டென்னசி அங்கே 1951, 1995, 2001, 2005 ஆகிய ஆண்டுகளில் சென்றது. பின்னர் ஒமாகா இருக்கட்டும், அதற்கு முந்திய தேசியப் போட்டிக்குக்கூட அந்த அணி தெரிவுசெய்யப்படவில்லை. வேறு இரண்டு பல்கலைக்கழகங்களை ஒமாகாவுக்கு அழைத்துச் சென்று புகழ்பெற்ற ஒருவர் வந்து ஆறு பருவங்கள் முயன்றும் பலிக்கவில்லை. அவர் விலகிய பின், 2017 ஜூன் மாதத்தில் டோனி வைட்டெல்லோ என்பவர் நியமிக்கப்பட்டார். மூன்று பல்கலைக்கழகங்களில் உதவிப் பயிற்சியாளராயிருந்தவர். தலைமைப் பொறுப்பை அதற்குமுன் எங்கும் ஏற்றறியாதவர்.

நாம் போன அன்று அவருடைய அணி தோற்றது. முன்வரிசையிலிருந்த ஓர் இளைஞர், "இவரும் சரிவரமாட்டார்" என்று எழுந்தார். மருமகன் ஆமோதித்தார். ஆட்டத்தின் விதிகளைக்கூடச் செவ்வனே அறியாத நாமும் தலையை ஆட்டினோம்!

பெரியவர் மட்டும் ஒன்றும் சொல்லாது கொப்பியை எம்மிடம் நீட்டினார். வெற்றி தோல்விகள் ஒரு மூலையிலே சிறிய எழுத்தில் இருந்தன. பக்கம் முழுவதையும் முதலாம் வருட மாணவரின் பெயர்களே நிறைத்திருந்தன. யார் எத்தனை தடவை மட்டை பிடித்தார், யார் எத்தனை இன்னிங்ஸ் பந்தெறிந்தார், சென்ற மாதம் விட்ட பிழையை இந்த மாதமும் விட்டாரா என்பவையே அவர் கணக்கு.

"ஐயா, இன்று களத்தில் நிற்பவர்களிற் பலர் இவர் தெரிந்தெடுத்த பிள்ளைகள் அல்லர். இவர் தெரியும் பிள்ளைகள் வந்து வளர மூன்று வருடமாவது செல்லும். ஆகவே இந்த வருடம் நான் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, நாற்றைப் பார்க்கிறேன்" என்றார் அவர்.

பின்னர் விளக்கினார். நான்காண்டுப் பல்கலைக்கழகமொன்றில் சேர்ந்த விளையாட்டு வீரனைத் தொழில்முறைக் கழகங்கள் மூன்றாம் வருடம் முடியும்வரை, அல்லது 21 வயது நிரம்பும்வரை, தெரிந்தெடுக்க முடியாது. ஆகையால் கெட்டிக்காரப் பையன் ஒருவன் கிடைத்தால் மூன்று பருவம் கையில் இருப்பான். ஆயின் அவனைக் கொண்டுவருவது எளிதன்று. அக்காலத்து விதியின்படி அணி முழுவதற்கும் 11.7 புலமைப்பரிசில்களே உண்டு. அதை 27 பேர் வரையில் துண்டு துண்டாகப் பங்கிட வேண்டும். பெற்றோர் தம் பணத்தையும் செலவிட்டே பிள்ளையை அனுப்ப வேண்டியிருந்தது. தோற்றுக்கொண்டிருக்கும் அணியிலே அவர்களுக்கு நம்பிக்கை உண்டாக்குவதுதான் புதிய பயிற்சியாளரின் முதல் வேலை. அந்த வேலை நடைபெறுவது மைதானத்தில் அன்று. யாரோ ஒருவர் வீட்டு மேசையில்.

இதைக் கேட்டபொழுது எமது மனம் நொக்ஸ்வில்லை விட்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடிற்று. 1970களின் நடுப்பகுதியில், நாம் கற்ற கல்லூரியின் கிறிக்கெட் அணியைச் சீர்படுத்த இளம் ஆசிரியர் ஒருவர் வந்தார். பெயர்பெற்ற மூத்தவர்களை நிறுத்திவிட்டுப் பதினைந்து வயதுப் பையன்களைக் களத்தில் இறக்கினார். இரண்டு வருடம் தொடர்ந்து தோல்வி. பழைய மாணவர் நாம் கொதித்தெழுந்து அதிபருக்கு மனுக் கொடுத்தோம். எமக்குத் தமிழ் நன்றாக வரும் என்று நண்பர்கள் சொன்னதால், அந்த மனுவை எழுதியது எமது கை. ஆசிரியர் மாற்றலாகிப் போனார். அடுத்த வருடம் அதே பையன்கள் வென்றார்கள். மாலை வேறொருவர் கழுத்தில் விழுந்தது. நாம் கைதட்டினோம், போனவரை ஒருவரும் நினைக்கவில்லை.

நொக்ஸ்வில்லில் அந்த மனுவை எழுத ஒருவரும் முந்தவில்லை. 2018ஆம் ஆண்டு 29 வெற்றி, 27 தோல்வி என்று முடிந்தது. மறு வருடம் 40 வெற்றி. பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் தேசியப் போட்டியில் இடம். 2020இல் 17 ஆட்டங்களில் 15ஐ வென்றிருந்த வேளையில் கொரோனா நோய் பருவத்தையே நிறுத்திற்று. 2021இல் ஒமாகா, அங்கே இரண்டு ஆட்டம், இரண்டும் தோல்வி. 2022இல் 57 வெற்றி பெற்றும், ஒமாகாவின் வாயிலில், சொந்த மைதானத்திலேயே நொட்டர் டேம் அணியிடம் வீழ்ந்தனர். "பெரிய ஆட்டத்தில் இவரால் வெல்ல முடியாது" என்ற பேச்சு அப்பொழுது எழுந்தது. 2024 ஜூன் 24ஆம் திகதி, டெக்ஸஸ் ஏ அண்ட் எம் அணியை 6-5 என்று வென்று, டென்னசி முதன்முறையாகப் பேஸ்போல் தேசிய விருதைப் பெற்றது.

அப்படியாயின் பொறுமை ஒன்றே போதுமா? போதாது. முன்னவருக்கும் ஆறு பருவம் பொறுத்திருந்தனர், பயிர் தலையெடுக்கவில்லை. எவரையும் என்றைக்கும் தாங்கிக்கொண்டிருப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநீதியாகும். முதலாம் வருடத்தில் எதைப் பார்ப்பது, நான்காம் வருடத்தில் எதைக் கேட்பது என்று அறிந்திருப்பதே நியாயம். நாற்று நட்ட மாதத்தில் நெல்லைக் கேட்பவனும் தவறு செய்கிறான். அறுவடை மாதத்தில் நாற்றைக் காட்டுபவனை நம்புகிறவனும் தவறு செய்கிறான். பெரியவரின் கொப்பி எமக்குப் புகட்டியது இதுவே.

ஊர் திரும்பியதும் அந்த ஆசிரியரைத் தேடினோம். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எமது எண்ணம். அவர் காலமாகிச் சில வருடங்கள் கழிந்துவிட்டன என்ற செய்தியே கிடைத்தது.

2025 ஒக்டோபரில் வைட்டெல்லோ சான் பிரான்சிஸ்கோ ஜயன்ற்ஸ் என்னும் தொழில்முறை அணிக்கு முகாமையாளராகிச் சென்றார். அவரிடம் உதவியாளராயிருந்த ஜோஷ் எலான்டர் டென்னசியின் பொறுப்பை ஏற்றார். செய்தி அறிந்த அன்றே பெரியவருடன் தொலைபேசியிற் பேசினோம். "புதியவர் எப்படி?" என்று கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டோம்.

அவரே சொன்னார்: "புதிய கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறேன்."