பதினோரு பூஜ்யங்களும் ஒரு 107-ம்

மருந்தைச் சந்தித்த பிறகுதான் பாக்டீரியா மாறுகிறதா? இல்லை, முன்பே தற்செயலாக மாறிப்போன சில மட்டும் மருந்துக்குத் தப்பிக்கின்றனவா? இரண்டாவதுதான் சரி என்று எழுதினால் பரீட்சையில் மார்க் கிடைத்துவிடும். ஆனால் அதை நம்புவதற்கு ஆய்வகத்துக்குள் போக வேண்டும்.

1943. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் இருந்த சால்வடார் லூரியா, ஆசிரியர்களின் நடன விருந்து ஒன்றில் சக ஆசிரியர் ஸ்லாட் மெஷினில் காசு போடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். பல முறை ஒன்றும் வரவில்லை. திடீரென்று ஜாக்பாட்! லூரியாவுக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

தனித்தனிக் குழாய்களில் ஈ.கோலை பாக்டீரியாவை வளர்த்து, பிறகு வைரஸ் தடவிய தட்டுகளில் ஊற்ற வேண்டும். வைரஸைப் பார்த்த பிறகு மாறுவதென்றால், எல்லாத் தட்டிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை வரும். முன்பே மாறியிருந்தால்? சீக்கிரம் மாறிய குழாயில் வாரிசுகள் குவிந்திருக்கும், மற்றவற்றில் ஒன்றும் இருக்காது. ஒரு சோதனையில் 20 குழாய்களில் 11-ல் பூஜ்யம், ஒன்றில் மட்டும் 107! ஒரே குழாயிலிருந்து எடுத்த 10 மாதிரிகளிலோ 13 முதல் 26 வரைதான். கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் மாக்ஸ் டெல்புருக். இருவருக்கும், ஆல்ஃபிரட் ஹெர்ஷியோடு சேர்த்து, 1969-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே சோதனையை இளங்கலை மாணவர்களும் சில நாட்களில் செய்துவிடலாம். வைரஸுக்குப் பதில் ரிஃபாம்பிசின் மருந்து, நோய் தராத ஆய்வக ஈ.கோலை, அவ்வளவுதான். சிக்கல் எண்ணும்போதுதான் வரும். தன் தட்டில் பூஜ்யம், பக்கத்துத் தட்டில் அறுபது என்றால் மாணவருக்கு முதலில் தோன்றுவது 'தப்பு பண்ணிட்டோம்' என்பதுதான். அடுத்து, ரெக்கார்ட் நோட்டில் பக்கத்து எண்ணுக்கு அருகில் ஏதாவது ஒன்றை எழுதிவிடக் கை துறுதுறுக்கும்.

எல்லோரும் அப்படித் திருத்தினால் கண்டுபிடிப்பே அழிந்துபோகும். இங்கே சராசரியில் விடை இல்லை, ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பூஜ்யத்தையும் கரும்பலகையில் எழுதச் சொல்லும் ஆசிரியரே பாடத்தை நடத்துகிறார்.

வெறும் சளிக்கு ஆண்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறோமே, அங்கேயும் இதே கதைதான். மருந்து சாதாரண பாக்டீரியாக்களைக் கொன்று, ஏற்கெனவே மாறியவற்றுக்கு இடத்தைக் காலி செய்து கொடுக்கிறது. தன் கையால் பூஜ்யத்தை எண்ணிய மாணவருக்கு இதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.