ஒரு தோட்டாவின் எடை

ஓரிக்கையில் இருந்துகொண்டு துப்பாக்கியைப் பற்றி எழுத நேரும் என்று நாங்கள் நினைத்ததில்லை. காஞ்சிபுரத்தின் ஓரத்தில், பாலாற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில் கேட்பது தறிச் சத்தம்தான். வெடிச் சத்தம் என்றால் தீபாவளியும் கோயில் உற்சவமும். ஆனாலும் சென்ற ஆண்டு மூன்று வாரங்கள் எங்கள் இருவரின் மாலைப் பேச்சு முழுவதும் தோட்டாக்களைப் பற்றியதாகவே இருந்தது.

பள்ளி நாட்களில் நாங்கள் மூவர். பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்து கிடந்த கென்னத் ஆண்டர்சனின் புத்தகமொன்றை ஒருவன் வாசிக்க, ஒருவன் அகராதி பார்க்க, மூன்றாமவன் தமிழில் கதையாகச் சொல்ல, பாலாற்று மணலில் எங்கள் வேட்டைகள் நடந்தன. கதை சொன்னவன் இப்போது டெக்ஸாஸில் இருக்கிறான். அங்கே காட்டுப் பன்றிகள் விளைநிலங்களை உழுது நாசம் செய்கின்றன. அவற்றைச் சுடுவது குற்றமல்ல. பாகங்களைத் தேர்ந்தெடுத்துத் தனக்கென்றே ஓர் அரைத்தானியங்கி ரைபிளைச் செய்துகொள்ளப் போவதாகவும், பெருங்குழல் தோட்டாக்களில் எது நல்லது என்று நாங்கள் சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தான். கடிதத்தின் கடைசி வரி: "அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்டா."

இந்தியாவில் வேட்டை, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஏறக்குறைய முடிந்துபோன கதை. எங்களுக்குத் தெரிந்த துப்பாக்கிகளெல்லாம் காகிதத் துப்பாக்கிகள். ஆகவே ஆண்டர்சனிடமிருந்தே தொடங்கினோம். ஜவளகிரியிலும் பென்னாகரத்திலும் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்த அவர் கையில் பெரும்பாலும் இருந்தது .405 வின்செஸ்டர். 1904இல் வந்த தோட்டா அது. அதன் குண்டு 300 கிரெய்ன், அதாவது சுமார் பத்தொன்பதரை கிராம். எங்கள் ஊர்க் கணக்கில் இரண்டரைச் சவரனுக்குச் சற்றுக் குறைவு. அந்த எடை நொடிக்கு 2,200 அடி வேகத்தில் குழலை விட்டுப் புறப்படும். ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் கையால் நெம்புகோலை இறக்கி ஏற்றினால்தான் அடுத்த தோட்டா வந்து அமரும். அந்த இடைவெளியில்தான் ஆண்டர்சனின் கதைகள் நடக்கின்றன என்று எங்களுக்கு இப்போது தோன்றுகிறது.

அரைத்தானியங்கி அந்த இடைவெளியை அழித்துவிடுகிறது. சுட்ட வேகமே பழைய உறையை வெளியே எறிந்து புதிய தோட்டாவை உள்ளே தள்ளிவிடும். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. தோட்டாவின் நீளத்தை அதன் பெட்டி தீர்மானிக்கிறது. மெலிந்த தோட்டாக்களுக்காக வடிவமைத்த இயந்திரத்தில் பருத்தவற்றை நுழைக்க வேண்டியிருப்பதால், உடல் பெருத்து விளிம்பு சிறுத்த உறைகளைச் செய்கிறார்கள். சிறு தோட்டாக்கள் முப்பது கொள்ளும் பெட்டியில் பெருந்தோட்டாக்கள் பத்துதான் அடங்கும்.

நண்பன் முன்னால் மூன்று பெயர்கள் இருந்தன. .450 புஷ்மாஸ்டர்: 250 கிரெய்ன் குண்டு, ஏறத்தாழ ஆண்டர்சனின் தோட்டாவுக்குச் சமமான வேகம். .458 சோகாம்: 600 கிரெய்ன் வரை சுமக்கும், ஆனால் எடை கூடக் கூட வேகம் குறையும். மூன்றாவது, அரை அங்குல விட்டமுள்ள .50 பேவுல்ஃப். பன்றியின் தோளெலும்பை உடைக்க மூன்றில் எதுவும் போதும். அப்படியானால் எதை வைத்துத் தேர்வது?

படிக்கப் படிக்க, தோட்டாவின் வரலாறு என்பது அச்சத்தின் வரலாறாகவும் இருப்பதைக் கண்டோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் .450 அளவைத் தடை செய்தது. கலகம் செய்வோர் கையிலிருந்த பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டுகள் பயன்பட்டுவிடும் என்பதே காரணம். தடையைத் தாண்ட லண்டன் துப்பாக்கிக்காரர்கள் .465, .470, .475 என்று புதிய அளவுகளைப் படைத்தார்கள். யானை வேட்டையின் புகழ்பெற்ற எண்கள் சில, யானையால் அல்ல, மனிதன் மீதிருந்த பயத்தால் பிறந்தவை. .458 சோகாமும் அப்படித்தான். 1993இல் மொகதிஷுவில் நடந்த சண்டையில் சிறு குண்டுகள் ஆளை ஒரே அடியில் வீழ்த்தவில்லை என்ற படைவீரர்களின் குறையே அதன் தொடக்கம். .450 புஷ்மாஸ்டரின் வேரோ வேறு. ஒரே குண்டில் பெரிய விலங்கை வீழ்த்தும் அரைத்தானியங்கி வேண்டும் என்று ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கத் துப்பாக்கி எழுத்தாளர் முன்வைத்த எண்ணத்திலிருந்து அது வந்தது. அரைத்தானியங்கியைக் கேட்டவர் ஒன்றே போதும் என்று நினைத்துத்தான் கேட்டார்.

ஒன்று தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம் கார்பெட்டே சாட்சி. அவர் 1907இல் சுட்ட சம்பாவத் பெண்புலியின் கோரைப் பற்கள் ஒரு பழைய துப்பாக்கிக் காயத்தால் உடைந்திருந்தன. இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் போன அந்தப் புலி கொன்றதாகச் சொல்லப்படும் மனிதர்கள் 436 பேர். யாரோ ஒருவர் சுட்டுவிட்டுத் தேடாமல் விட்ட காயம்.

இதையெல்லாம் நாங்கள் பேசிக்கொண்டிருந்தது நண்பனின் வீட்டுத் திண்ணையில். உள்ளே தறியில் அவன் தந்தை. ஒருநாள் தறி நின்றது.

"ஏம்பா, தினமும் குண்டு குண்டுன்னு பேசிக்கறீங்களே, யாருக்கு?"

எங்களால் பொய் சொல்ல முடியவில்லை. கேட்டுவிட்டு நெடுநேரம் பாவின் மேல் கையை வைத்தபடி இருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தோம்.

"பாவம்னு சொல்ல எனக்கு வாய் ஏது? கொதிக்கிற தண்ணியில வெந்த புழுவோட கூட்டைத்தானே அம்பது வருஷமா நெய்யறேன்" என்றார். பட்டு வேண்டாம் என்று உபதேசித்த காஞ்சிப் பெரியவருக்கு இதே ஊரில்தான் கல்லால் மணிமண்டபம் எழுந்து நிற்கிறது. பிறகு கேட்டார்: "ஒண்ணுல விழுந்துடுமா?"

"சரியாகப் பட்டால் விழும்."

"அப்ப மீதி எதுக்கு?"

அன்றிரவே பதில் எழுதினோம். .450 புஷ்மாஸ்டர் போதும், எளிதில் கிடைக்கும், அதன் பிறப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது, இருநூறு கெஜத்துக்கு மேல் சுடாதே, பெட்டியில் பத்து கொள்ளும் என்பதற்காகப் பத்தையும் போடாதே. அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் எழுதினோம்.

இரண்டு மாதம் கழித்து அவன் எழுதினான். முதல் பன்றிக்கு நான்கு முறை சுட்டிருக்கிறான். முதல் குண்டு சற்றுப் பின்னால் பட்டது. அடுத்த மூன்றும் ஓடுகிற புதரைத்தான் துளைத்தன. விடிந்ததும் இரத்தத் துளிகளைத் தொடர்ந்து போய், ஓர் ஓடைக்கரையில் அதைக் கண்டு முடித்திருக்கிறான்.

அடுத்த மாலை அவன் தந்தை தாமாகவே கேட்டார்: "ஒண்ணுல விழுந்துதா?"

இல்லை என்றோம். காலையில் தேடிப் போய் முடித்திருக்கிறான் என்றோம்.

"தேடிப் போனானா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி தறிக்குழிக்குள் கால்களை இறக்கிக்கொண்டார்.