புளியங்கொட்டை அளவு பயம்

எபிக் விளையாட்டில் ஒரு சிப்பாயின் உயரம் ஆறு மில்லிமீற்றர். ஒரு நெல்மணியை நிமிர்த்தி வைத்தால் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கண் மூக்கு எதுவும் தெரியாது. தலையில் ஒரு புள்ளி வர்ணம், உடம்பில் இன்னொரு வர்ணம், அதோடு சரி. இப்படி ஐந்து பேரை ஒரு சின்னத் தட்டில் ஒட்டினால் ஒரு காய். ஐந்தாறு காய் சேர்ந்தால் ஒரு அணி. சாப்பாட்டு மேசை ஒன்றில் இரண்டு படைகளையே இறக்கலாம். விதிக்கணக்கு சென்ரிமீற்றரில்: காலாட்படை ஒரு தடவைக்கு 15 சென்ரிமீற்றர் நகரும், அவசரமென்றால் அதன் இரண்டு மடங்கு.

வோர்ஹாமர் 40,000 என்ற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எபிக் அதே உலகம், அதே 41ஆம் ஆயிரமாண்டுச் சண்டை, காய்கள்தான் குட்டி. பெரிய விளையாட்டில் உங்கள் வீரன் ஒரு கதாநாயகன், அவனுக்குப் பெயர்கூட வைக்கலாம். இதில் அவனைத் தேடிப் பிடிக்கவே பூதக்கண்ணாடி வேணும். ஒரு மலையில் ஏறி நின்று கீழே பார்க்கிற மாதிரியான விளையாட்டு இது. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு அந்தப் பார்வை புதிதில்லை. கோணேசர் மலையில் நின்று பார்த்தால் கடலில் போகிற மீன்பிடி வள்ளமும் கடற்படைப் படகும் அதே அளவில்தான் தெரியும்.

இதன் தொடக்கம் 1988. பிரித்தானியாவின் கேம்ஸ் வேர்க்ஷொப் கம்பனி 'அடெப்டஸ் டைட்டானிக்கஸ்' என்ற பெட்டியை விட்டது. வடிவமைத்தவர் ஜேர்விஸ் ஜோன்சன். பெட்டிக்குள் ஆறு பிளாஸ்ரிக் இராட்சத ரோபோக்கள், கொஞ்சம் ரெஜிபோம் கட்டடங்கள். ஆறு ரோபோவும் ஒரே அச்சு, ஏனென்றால் இரண்டு அச்சு செய்யக் காசு காணாது. அப்படியென்றால் இரண்டு பக்கமும் ஒரே ஆயுதத்தோடு ஏன் அடிபடுகிறது? அதற்கு ஒரு கதை வேண்டியிருந்தது. 'உள்நாட்டு யுத்தம்' என்று எழுதினார்கள். இன்றைக்கு நாவல் நாவலாக விற்கிற ஹோரஸ் கலகம் என்ற அந்தப் பெரிய சகோதர யுத்தத்துக்குக் காரணம் ஒரு பிளாஸ்ரிக் அச்சின் செலவுதான். உள்நாட்டு யுத்தம் ஏன் வந்தது என்பதற்குச் சின்ன வயசிலிருந்து நாங்கள் எத்தனையோ விளக்கம் கேட்டிருக்கிறோம். இவ்வளவு நேர்மையான விளக்கம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு 1989இல் 'ஸ்பேஸ் மரைன்', 1997இல் 'எபிக் 40,000', 2003இல் 'எபிக் ஆர்மகெடன்' என்று விதிகள் மாறிக்கொண்டே வந்தன. எங்களிடம் வந்தது கடைசிப் பதிப்பு.

நாங்கள் நாலு பேர். 2011இல் எங்களுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயசு. லண்டனிலிருந்து வந்த ஒருவனின் ஒன்றுவிட்ட அண்ணா ஒரு ஐஸ்கிறீம் பெட்டி நிறையக் காய் கொண்டுவந்து தந்தார். எல்லாம் காலுறைக்குள் சுற்றியிருந்தன. ஒரு பக்கம் ஸ்பேஸ் மரைன், மற்றப் பக்கம் பச்சைத் தோல் ஓர்க் கூட்டம். விதிப் புத்தகத்தைக் கம்பனியே அப்போது இலவசமாகத் தரவிறக்க விட்டிருந்தது. அதைப் போட்டோக்கொப்பி கடையில் பிரிண்ட் எடுத்து, நூலால் தைத்து, இங்கிலிஷ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தோம். சவர்க்காரப் பெட்டிகள் துறைமுகக் களஞ்சியங்களாயின. டின்பால் பேணிகள் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகள். அங்கே தாங்கி 99, எங்களிடம் பேணி ஏழு.

காய் இருந்தது, டைஸ் இருந்தது, 'பிளாஸ்ட் மார்க்கர்' மட்டும் பெட்டியில் இல்லை. அதற்குப் பதிலாகப் புளியங்கொட்டை வைத்தோம். அதை 'பயம்' என்றே சொல்லத் தொடங்கினோம். ஏன் என்பது விதியைக் கேட்டால் விளங்கும்.

ஒரு அணி உங்கள் அணியை நோக்கிச் சுடுகிறது. ஒருவருக்கும் படவில்லை. இருந்தாலும் உங்கள் அணிக்கு ஒரு பயம் வைக்க வேண்டும். ஒரு காய் அழிந்தால் அதற்கு இன்னொன்று. ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு காய் தலையைக் குனிந்துகொண்டு இருக்கும், சுடாது. பயங்களின் எண்ணிக்கை காய்களின் எண்ணிக்கையைத் தொட்டால் அணி உடைந்து பின்வாங்கும். சுற்று முடிவில் டைஸ் போட்டு, சரிவந்தால் பாதிப் பயத்தை எடுக்கலாம். பயம் இருக்கிற அணிக்குக் கட்டளை கொடுப்பதும் கஷ்டம், டைஸில் ஒன்று குறையும். ஸ்பேஸ் மரைனுக்கு மட்டும் ஒரு காயைக் குனிய வைக்க இரண்டு பயம் வேணும். அவர்கள் அப்படி வளர்க்கப்பட்டவர்கள் என்பது கதை.

"உனக்கு நாலு பயம்", "என்ர பயத்தை எடுக்க விடு" என்று நாங்கள் கத்துவதைக் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி ஏதோ பேய் விளையாட்டு என்று நினைத்திருக்கிறார்.

இந்த விதி எங்களுக்கு ஏன் அவ்வளவு சுலபமாக விளங்கியது? 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கம் சண்டை நடந்தபோது எங்களுக்கு ஏழெட்டு வயசு. குடாவைத் தாண்டிச் சத்தம் டவுனுக்குக் கேட்கும். எங்கள் வீடுகளில் ஒன்றும் விழவில்லை. ஆனால் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு முடிந்தது, லைட் நின்றது, அப்பாமார் வாசலில் நிற்கிற விதம் மாறியது. படாத குண்டுக்கும் ஒரு புளியங்கொட்டை உண்டு என்று சொல்லித்தர எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரப் புத்தகம் தேவைப்படவில்லை. கம்பியூட்டர் விளையாட்டுகளில் சாகும்வரை ஒருவன் நூறு வீதம் நன்றாக ஓடுவான், சுடுவான். எபிக்கில் சாவதற்கு முதலே எல்லாம் குறைந்துவிடும்.

போன டிசம்பர் மழைக்குள் நாலு பேரும் ஒரே நேரத்தில் ஊரில் நின்றோம். அப்போதுதான் அந்தப் பெட்டியைத் திரும்ப இறக்கினோம். விளையாட்டு எப்படி இருந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஒருவர் தன் முழுப் படையையும் நகர்த்தும்வரை மற்றவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருக்கிற தொல்லை இதில் இல்லை. ஆளுக்கு ஒரு அணியாக மாறி மாறி இயக்குவதால் எப்போதும் யோசிக்க வேண்டும். இரண்டு பக்கத்தாலும் குறுக்கே சுட்டால் எதிரியின் கவசம் பலவீனமாகும் என்ற விதி இன்னும் இனிக்கிறது. கொலைக்குப் புள்ளி இல்லாததும் நல்லது. இடம் பிடிப்பது, எதிரியின் பெறுமதி கூடிய அணியை அழிப்பது போன்ற ஐந்து இலக்குகளில் இரண்டை எட்டியவர் மூன்றாம் சுற்று முடிவில் வெல்லலாம். குறை? காய் சின்னது, எங்கள் கண் பழசு. எது ரொக்கட் அணி, எது சாதாரண அணி என்று தூக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மறைவுக்குள் நிற்கிறதா இல்லையா என்ற சண்டை அன்றைக்கும் தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை.

இரண்டாம் நாள், வீட்டுக்காரனின் அம்மம்மா தேத்தண்ணியோடு வந்து மேசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எங்கட துறைமுகமே?"

"ஓம் அம்மம்மா, அது மாதிரி."

"அப்ப இதுக்குள்ள ஊர்ச்சனம் எங்கயடா?"

"அவை முதலே போயிட்டினம்."

"எங்க போனவை? ஆர் ஏத்திக்கொண்டு போனது?"

பதில் வரும்வரை அவர் நிற்கவில்லை, அடுப்பில் ஏதோ இருந்தது. விதிப் புத்தகத்தில் கட்டடம் என்றால் மறைவு, அதற்குள் நிற்பவனைச் சுடுவது கஷ்டம். அந்தக் கட்டடத்தில் யார் இருந்தது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை.

மேசையில் யுத்தம் பார்ப்பவர்கள் எதை எண்ணுவது, எதை விடுவது என்பதற்கு எங்கள் துறைமுகத்தோடு ஒட்டிய ஒரு கதை உண்டு. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தலைமை தாங்கி வந்தவர் மிட்சுவோ புச்சிடா. அன்றைக்கே ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த மாதம் ஜப்பானியத் தளபதிகள் யமாத்தோ கப்பலில் கூடி, மிட்வே தாக்குதலை மேசையில் டைஸ் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். அதைப் பற்றிப் பிற்பாடு புச்சிடா இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய நூல் சொல்வது இது: டைஸ்படி அமெரிக்க விமானங்களின் ஒன்பது குண்டுகள் பட்டு, அக்காகி, காகா என்ற இரண்டு விமானந்தாங்கிகள் மூழ்கின. தலைமை வகித்த உகாக்கி குறுக்கிட்டு, ஒன்பதை மூன்றாகக் குறைத்தார். அக்காகி பிழைத்தது. மூழ்கிய காகாவும் அடுத்த ஒத்திகையில் திரும்ப மிதந்தது. ஜூன் மாதம் உண்மையான மிட்வேயில் அக்காகி, காகா உட்பட நாலு விமானந்தாங்கிகளும் போயின. அக்காகி, ஏப்ரலில் எங்கள் பக்கத்துக் கடலுக்கு வந்த அதே கப்பல்தான்.

எங்கள் மேசையில் "விழுந்தது விழுந்ததுதான்" என்பது பன்னிரண்டு வயசிலிருந்தே சட்டம். அதனால் அம்மம்மாவின் கேள்வியையும் விழுந்த டைஸ் மாதிரி எடுத்துக்கொண்டோம். ஊர்ச்சனத்துக்கு விதி எழுதினோம்.

எழுதியது எங்களில் மூதூர்க்காரன். 2006 ஓகஸ்டில் அவனுடைய குடும்பம் ஊரோடு ஊராகக் கந்தளாய்ப் பக்கம் நடந்தது. அவனுக்கு ஞாபகம் இருப்பது, இரண்டு காலிலும் வேற வேற செருப்பு இருந்தது என்பது மட்டும். அவன் பயறை மட்டையில் ஒட்டி எட்டுக் காய் செய்தான். ஒரு சுற்றுக்கு 10 சென்ரிமீற்றர் நகரும், சுடாது. 15 சென்ரிமீற்றருக்குள் யார் யாரைச் சுட்டாலும் ஒரு பயம். உடைந்தால் இறங்குதுறைக்குப் போகாமல் கிட்ட இருக்கிற கட்டடத்துக்குள் போய் நின்றுவிடும். எந்த ஆட்டக்காரனுக்கும் சொந்தமில்லை. டைஸ்தான் நகர்த்தும்.

மூன்றாம் சுற்றில் ஓர்க் படையை வைத்திருந்தவன் கையைக் கட்டிக்கொண்டு மேசையைப் பார்த்தான்.

"விதிப்படி இவையளுக்குப் பின்னால நிண்டா எனக்கு மறைவு. அதுதான் என்ர நல்ல மூவ்."

ஒருவரும் டைஸை எடுக்கவில்லை. வெளியே மழைச் சத்தம் மட்டும். அதைத் தடுக்கிற மாதிரி ஒரு விதி போடுவமா என்று ஒருவன் கேட்டான். மூதூர்க்காரன் வேண்டாம் என்றான்.

"அப்பிடித்தான் நிப்பினம். தடுத்து எழுதினா அது உகாக்கி கணக்கு. விடு, நிக்கட்டும். எத்தனை பயம் எண்டு எண்ணு."

எண்ணினோம். ஓர்க் அணி பயறுக்குப் பின்னால் நின்றது, மரைன் சுட்டது, கொட்டைகள் கூடின. ஆட்டம் முடிந்தபோது எட்டுக் காயில் ஐந்து இறங்குதுறையில் இருந்தன. இரண்டு ஒரு சவர்க்காரப் பெட்டிக்குள், ஒன்று மேசையில் இல்லை. இலக்குப்படி ஓர்க் வென்றது. ஆனால் யார் வென்றது என்று கேட்க அன்றைக்கு அரைமணி நேரம் ஆனது. முதலில் எல்லோரும் பயறைத்தான் எண்ணினார்கள்.

இது யுத்தத்தைப் பற்றி ஏதோ கற்றுத்தரும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. மேசைக்கு மேலே நிற்பவனுக்கு மூன்று மணித்தியாலம் பயம் இல்லை, அது பெரிய வித்தியாசம். இருந்தாலும் பன்னிரண்டு வயசில் நாங்கள் விரும்பிய விளையாட்டில் இரண்டு பேருக்கு நடுவில் யாரும் நிற்கவில்லை. இப்போது நிற்கிறார்கள், விளையாட்டு இன்னும் நன்றாகவே ஓடுகிறது. பழைய சாமானைத் திரும்ப இறக்கினால் அதில் ஒன்றைக் கூட்டலாம் என்று கண்டுகொண்டோம்.

விளையாட விரும்புகிறவர்களுக்கு: கேம்ஸ் வேர்க்ஷொப் எபிக்கை 2013இல் நிறுத்திவிட்டது. 2018இல் அடெப்டஸ் டைட்டானிக்கஸையும் 2023இல் 'லீஜன்ஸ் இம்பீரியாலிஸ்' என்பதையும் கொஞ்சம் பெரிய காயோடு விட்டார்கள். விலையைப் பார்த்துவிட்டு எங்களைத் திட்ட வேண்டாம். எபிக் ஆர்மகெடன் விதிகளை ரசிகர்களே இன்றைக்கும் திருத்தி வைத்திருக்கிறார்கள். மட்டையை வெட்டிப் பெயர் எழுதினால் காய் தயார். ஒரு அடிமட்டம், பத்து டைஸ், ஒரு பிடி புளியங்கொட்டை. ஊர்ச்சனத்துக்குப் பயறு நல்லது, உளுந்து மேசையில் தெரியாது.

சித்திரை வருசத்துக்குத் திரும்ப ஊரில் கூடுகிறோம். மூதூர்க்காரன் இப்போது ஒரு படகுக்கு விதி எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரு தடவையில் எத்தனை காய் ஏற்றலாம் என்பதில் இன்னும் முடிவு வரவில்லை. அவன் மூன்று என்கிறான். அம்மம்மா, "ஏத்தினா எல்லாரையும் ஏத்து" என்கிறார்.