கதவைத் திறப்பது யார்?

எகிப்தியக் காதல் படங்களில் பெண்ணை அடக்கும் ஆணை எளிதில் அடையாளம் காணலாம். அப்பா, மாமா, பெரிய படிப்புப் படித்த மாப்பிள்ளை. அவளை விடுவிக்க வருபவனும் ஆண்தான் என்பது காதலின் மயக்கத்தில் நம் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

*

ஹென்றி பரக்காத்தின் 'துஆ அல்-கரவான்' (1959). தாஹா ஹுசைனின் நாவலிலிருந்து எடுத்த படம். ஹனாதி வேலை செய்த வீட்டு எஞ்சினியர் அவளைக் கெடுத்துவிடுகிறான். குடும்ப மானத்தின் பேரில் தாய்மாமனே அவளைக் கொல்கிறான். தங்கை ஆமினா பழிதீர்க்க அதே வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். அவன்மேலேயே காதல் வந்துவிடுகிறது. ஆமினாவாக ஃபாத்தின் ஹமாமா. வெறுப்பும் ஆசையும் அந்த முகத்தில் ஒன்றையொன்று விழுங்கப் பார்க்கின்றன. அதற்காகவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். முடிவைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. மாமன் சுடும் குண்டைத் தன்மேல் வாங்கி எஞ்சினியர் சாகிறான். ஹனாதி பாலைவனத்தில் நாதியற்றுச் செத்தாள். அவளைக் கெடுத்தவனுக்கோ தியாகியின் சாவு.

*

1966இல் வந்த 'மிராத்தி முதீர் ஆம்'. கணவன் வேலை பார்க்கும் கம்பெனிக்கே மனைவி தலைமை அதிகாரியாக வருகிறாள். ஷாதியாவும் சலாஹ் துல்ஃபிகாரும். அதிபர் நாசர் காலத்து அரசு பெண்ணை அலுவலகத்துக்கு அழைத்தது. 1956 அரசியல் சட்டம் வாக்குரிமையும் தந்தது. வீட்டுக்குள் யார் பெரியவர் என்ற கேள்வியை மட்டும் தொடவில்லை. படம் அதைச் சிரிக்கச் சிரிக்கத் தொட்டது.

*

'திறந்த கதவு' (1963). மூலக்கதை லத்தீஃபா அல்-ஸய்யாத் எழுதியது. மாணவப் பருவத்திலேயே அரசியல் போராட்டத்தில் இறங்கியவர். நாயகி லைலா ஊர்வலத்துக்குப் போனதற்கு அப்பா அடிக்கிறார். பிறகு மாப்பிள்ளையாக வரும் பேராசிரியர் கை ஓங்குவதில்லை. அவள் என்ன நினைக்க வேண்டும் என்பதையே அவர் முடிவு செய்கிறார். அப்பாவைவிட இவர்தான் ஆபத்தானவர் என்று எனக்குப் படுகிறது. அடித்தால் வலி தெரியும். இங்கே அவள் தன்னையே சிறுகச் சிறுக மறந்துபோகிறாள். 1956 சூயஸ் போரின்போது ரயில் நிலையத்தில் அவரை உதறிவிட்டுப் போர்ட் செய்த் போகும் வண்டியை நோக்கி ஓடுகிறாள். அந்த ஓட்டம் எகிப்தியத் திரையின் மகத்தான கணங்களில் ஒன்று. வண்டியில் ஹுசைன் இருக்கிறான் என்பதும் உண்மை. அவன் நல்லவன், என்னில் கரைந்துவிடாதே என்று அவளுக்குக் கடிதம் எழுதியவன். ஆனால் அதைச் சொல்லவும் ஒரு காதலன் வேண்டியிருந்ததே.

*

காதல் தீர்ந்துபோன இடத்தில் தொடங்குகிறது சயீத் மர்ஸூக்கின் 'உரீது ஹல்லன்' (1975): 'எனக்கு ஒரு தீர்வு வேண்டும்'. அதே ஃபாத்தின் ஹமாமா, இப்போது நீதிமன்ற வராந்தாவில். விவாகரத்து கேட்கிறாள், வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது, பொய்ச்சாட்சி சொல்ல ஆள் கிடைக்கிறான், தோற்கிறாள். பக்கத்தில் காத்திருக்கும் பெண்களிடம் காமிரா நிற்கும்போதெல்லாம், முந்தைய படங்கள் 'சுபம்' போட்டு மறைத்த வாழ்க்கை வெளியே வருகிறது. இந்த வரிசையில் ஆகச் சிறந்த படம் இதுதான். காப்பாற்றும் காதலன் யாரும் வராமல் அவள் தோற்பதால் இன்னும் சிறந்தது.

திரைக்கு வெளியே, 1979இல் எகிப்தின் குடும்பச் சட்டம் திருத்தப்பட்டது. 1985இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கணவன் சம்மதிக்காவிட்டாலும் பெண் மணவிலக்குப் பெறலாம் என்ற 'குல்உ' முறை 2000இல்தான் சட்டமானது. அதற்கும் அவள் வாங்கிய மஹரைத் திருப்பித் தந்து, ஜீவனாம்ச உரிமையையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.