கொடுங்கை நீங்கலாக... டயர் நீங்கலாக!

புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னால் ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். சித்தன்னவாசல் ஓவியம், திருமயம் கோட்டை, குடுமியான்மலை சிற்பம், நார்த்தாமலை, ஆவுடையார்கோயில்... எல்லாமே பார்க்க வேண்டியவைதான். பட்டியலின் தலையில் நான் இன்னொன்றைச் சேர்க்கிறேன். கிளம்புவதற்கு முன்னால் உங்கள் காரின் ஸ்டெப்னியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடியேன் பார்க்கவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆவுடையார்கோயிலைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் இருபது வருஷத்து ஆசை. முழங்கால் வலி முற்றுவதற்குள் போய்விடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருச்சியிலிருந்து கிளம்பினோம். அம்மா, என் மனைவி, எட்டு வயசுப் பையன், நான், அப்புறம் செகண்ட் ஹாண்டில் வாங்கிய ஏழு சீட் வண்டி. அப்பா வரவில்லை. "வீட்டைப் பார்த்துக்க ஆள் வேணாமா?" என்றார். அவர் கருவூலத்தில் கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். அவர் பார்வையில் உலகமே பூட்டி வைக்க வேண்டிய ஒரு பெட்டி.

புதுக்கோட்டையில் இட்லி, அறந்தாங்கியில் காபி. எல்லாம் சுகமாகத்தான் போனது. அறந்தாங்கி தாண்டி ஆவுடையார்கோயில் ரோட்டில் கொஞ்ச தூரம் போயிருப்போம். 'டமார்!'

இறங்கிப் பார்த்தால் பின்பக்க டயர் பக்கவாட்டில் வாய் பிளந்து கிடந்தது. "கவலையே படாதே, பத்து நிமிஷம்!" என்று மனைவியிடம் வீரமாகச் சொல்லிவிட்டு, சட்டையை மடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். எங்கள் வண்டியில் ஸ்டெப்னி டிக்கிக்குள் இருக்காது. வயிற்றுக்கு அடியில் தொங்கும். படுத்தவன் ஙே என்று விழித்தேன். தொங்கும் சமாசாரம் தொங்கியது. ஸ்டெப்னியைக் காணோம்!

"என்னப்பா, தூங்கிட்டியா?" என்றான் பையன்.

மற்ற திருட்டுக்கும் ஸ்டெப்னி திருட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். பர்ஸ் போனால் அடுத்த கடையில் தெரிந்துவிடும். நாலு சக்கரத்தில் ஒன்று போனால் காலையில் கார் செங்கல் மேல் நின்று காட்டிக் கொடுத்துவிடும். ஸ்டெப்னி போனது, அது வேண்டிய அன்றைக்குத்தான் தெரியும். நான் கடைசியாக அதைப் பார்த்தது ஆறு மாசத்துக்கு முன்னால், சர்வீஸின்போது. நடுவில் வண்டி சென்னையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தெருவில் நின்றது. மதுரையில் லாட்ஜ் வாசலில் நின்றது. எங்கள் தெருவில் தினமும் நிற்கிறது. திருடன் யார்? தமிழ்நாட்டில் பாதிப் பேர் சந்தேகப் பட்டியலில்!

அவ்வழியே வந்த 'குட்டி யானை' டிரைவர் என்னையும் கழற்றிய சக்கரத்தையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பஞ்சர் கடையில் இறக்கிவிட்டார். கீற்றுக் கொட்டகை. காற்றடிக்கும் கம்ப்ரஸர். ஐம்பது வயசு தாண்டிய ஒரு அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு லாரி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். "வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்றேன். "அவரு லாரியில போறாரு. கடை என்னுது" என்றார். முதல் அசடு.

டயரைத் திருப்பிப் பார்த்தார். "நடுவுல ஓட்டைன்னா ஒட்டலாம் தம்பி. சைடுல கிழிஞ்சா ஒட்டு நிக்காது. புதுசுதான் போடணும்." அறந்தாங்கி டயர் கடைக்குப் போன் போட்டார். கடைக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறாராம். மூணு மணிக்குத்தான் திறப்பாராம்.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கொட்டகை ஓரமாக ஒரு சக்கரம் சாத்தி வைத்திருந்தது. என் வண்டி அளவு, அதே கம்பெனி, அதே மாதிரி இரும்பு ரிம். அதிகம் ஓடாத டயர். சாட்சாத் என் ஸ்டெப்னி!

தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்த சந்தேகம் ஒரே நொடியில் அந்தக் கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. துப்பறியும் சாம்பு பாணியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "இது... எங்கேர்ந்து வந்தது?" என்றேன்.

அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. இந்தக் கேள்வியை அவர் கேட்பது முதல் தடவை இல்லை என்று மட்டும் தெரிந்தது.

"உங்க டயர் நம்பர் என்ன தம்பி?"

"வண்டி நம்பரா?"

"வண்டி நம்பர் இல்ல. டயர் நம்பர்."

டயருக்கு நம்பர் உண்டு என்பதே எனக்குச் செய்தி. அவர் துணியால் துடைத்துக் காட்டினார். பக்கச் சுவரில் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை. ஓரிடத்தில் நாலு இலக்கம். முதல் இரண்டு, தயாரான வாரம். அடுத்த இரண்டு, வருஷம். அந்தச் சக்கரத்தில் 0621. அதாவது 2021ம் வருஷம் ஆறாவது வாரம்.

"நம்பர் தெரியாட்டி ஊர்ல இருக்கற டயர் எல்லாம் உங்க டயராத்தான் தெரியும். தெரிஞ்சு வச்சிருந்தா உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது" என்றார்.

சட்டென்று ஒரு பொறி. அப்பாவுக்குப் போன் போட்டேன். கரண்ட் மீட்டர் ரீடிங்கிலிருந்து கேஸ் சிலிண்டர் வந்த தேதி வரை எழுதி வைக்கும் மனிதர். கார் வாங்கின அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்து எதையோ எழுதினார். 'அப்பாவுக்குப் பொழுது போகலை' என்று நான் சிரித்திருக்கிறேன்.

"பச்சை டைரி... இரு, கண்ணாடியை எடுத்துக்கறேன்... முன் இடது, முன் வலது... ஆங், ஸ்டெப்னி. கடைசி நாலு எண் 2418. எதுக்கு இப்ப?"

2418. என் ஸ்டெப்னி 2018ம் வருஷத்து ஆசாமி. எதிரே இருந்ததோ 2021. என் டயர் இல்லை!

"ஸாரிக்கா" என்றேன். பாதிதான் வெளியே வந்தது. அந்த டைரி மட்டும் இல்லையென்றால், இந்த அக்காவைத் திருட்டுப் பொருள் வாங்கியவர் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பேன். ஸ்டெப்னி போனது சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். இதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அக்கா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தச் சக்கரத்தையே உருட்டிக்கொண்டு வந்தார். "இதை மாட்டிக்கிட்டு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. நடை சாத்திடப் போறாங்க. சாயங்காலம் வந்து உங்களுத வாங்கிக்கங்க."

"அட்வான்ஸ்..."

"எதுக்கு? எழுதிக்கறேன்ல." ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, டயரின் முழு நம்பர், என் வண்டி நம்பர், தேதி எல்லாம் குண்டு குண்டாக எழுதினார். "அறிவொளியில கத்துக்கிட்ட எழுத்து" என்று சிரித்தார்.

வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். 1991-92ல் புதுக்கோட்டையை நாடே திரும்பிப் பார்த்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், நர்ஸுகள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் ரோட்டுக்கு வந்தார்கள். நம் அக்காவும் அதில் ஒருவர்.

"கேலி பண்ணுவாங்க. சைக்கிளை நிறுத்திட்டுப் போனா வால்ட்யூபை உருவிட்டுப் போயிடுவாங்க. நாலு மைல் தள்ளிக்கிட்டே வந்திருக்கேன். அப்புறம் நானே பஞ்சர் ஒட்டக் கத்துக்கிட்டேன். ராத்திரி சைக்கிள் வீட்டுக்குள்ளதான். சக்கரம் போனா என்ன போகும்னு எனக்குத் தெரியும் தம்பி."

ஆவுடையார்கோயிலுக்குப் பழைய பெயர் திருப்பெருந்துறை. பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில் மந்திரி மாணிக்கவாசகர் கோயில் திருப்பணி செய்த தலம். (அப்பா வந்திருந்தால் ஆடிட் அப்ஜெக்‌ஷன் எழுதியிருப்பார்.) பிறகு நரியெல்லாம் பரியாகி மதுரை போய், ராத்திரியே மறுபடி நரியாகி ஓடிப்போன கதை உங்களுக்குத் தெரியும். ராத்திரியில் வாகனம் காணாமல் போவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல!

சந்நிதியில் லிங்கம் கிடையாது. ஆவுடையார் மட்டும். மேலே வெற்றிடம். நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. புழுங்கலரிசிச் சோற்றின் ஆவிதான் நைவேத்தியம். "இல்லாததையே கும்பிடற இடம்டா" என்று அம்மா கண் கலங்கினாள். எனக்குப் பாழாய்ப்போன ஸ்டெப்னி இருந்த இடம்தான் ஞாபகம் வந்தது. சாமி மன்னிப்பாராக.

அண்ணாந்து பார்த்தால் பிரசித்தி பெற்ற கொடுங்கை. கல்லிலேயே மரச்சட்டம், கல்லிலேயே ஆணி. எந்த ஸ்பானர் போட்டாலும் கழற்ற முடியாத ஆணி! அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' மற்ற வேலை எதுவும் செய்கிறோம் என்று எழுதுவார்களாம்.

இந்த 'நீங்கலாக' எனக்கு நன்றாகப் பழகிய வார்த்தை. பி.காம். ஆயிற்றே! வழக்கமான கார் இன்ஷூரன்ஸில் டயரும் டியூபும் மட்டும் சேதமானால் கம்பெனி பொறுப்பில்லை. வண்டிக்கும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் பாதி விலை. சரி, திருட்டென்று போனால்? டயருக்குத் தேய்மானம் 50 சதவிகிதம் கழிப்பார்கள். 1500 சி.சி. வரை உள்ள வண்டிக்கு முதல் 1000 ரூபாய் நம் தலையில். நாலாயிரம் ரூபாய் டயர் என்றால் கைக்கு ஆயிரம். க்ளெய்ம் வாங்கினால், வருஷா வருஷம் 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து 50 வரை ஏறும் நோ க்ளெய்ம் போனஸ் அம்பேல். ஆக, பாலிசியை நம்புவதைவிடப் பூட்டை நம்பலாம்.

போலீஸ்? எந்த ஊரில் திருட்டு நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம் என்று 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அங்கேயும் அடையாளம் கேட்பார்கள். 'கறுப்பாக, வட்டமாக இருக்கும்' என்றா சொல்வது?

மூணரை மணிக்கு அக்கா கடையில். அறந்தாங்கியிலிருந்து டயர் வந்திருந்தது. ரிம்மில் ஏற்றிக்கொண்டே பாடம் நடத்தினார்.

"எங்கப்பா மாட்டு வண்டி வச்சிருந்தாரு. சந்தைக்குப் போனா மாட்டை அவுத்துக் கட்டிட்டுக் கடையாணியைக் கழட்டி மடியில முடிஞ்சுக்குவாரு. இப்ப அதுக்குப் பேரு லாக் நட்டு. ஒவ்வொரு சக்கரத்துலயும் ஒரு நட்டை மட்டும் மாத்திடணும். அதுக்குத் தனிச் சாவி. சாதா ஸ்பானர் பிடிக்காது. சாவியை வண்டியில ஜாக்கியோட போட்டு வைக்காதீங்க, திருடனுக்கு வசதி. வீட்டுலயும் மறந்து வச்சிடாதீங்க, பஞ்சர் ஆனா எங்களுக்குத் தலைவலி. அடியில தொங்கற ஸ்டெப்னிக்குத் தனியா ஒரு பூட்டு. ராத்திரி வெளிச்சத்துல, சுவரை ஒட்டி நிறுத்துங்க. ரெண்டு சக்கரத்துக்குச் சுவரே காவல். மாசம் ஒருக்கா குனிஞ்சு பாருங்க."

"இவ்வளவு செஞ்சா திருடவே முடியாதாக்கா?"

"முடியும். நேரமாகும். நேரமானா பக்கத்து வண்டிக்குப் போயிடுவான்."

நான் படித்த பெருமையை விடாமல், ஸ்டெப்னி என்ற பேர் வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது, 1904ல் டேவிஸ் சகோதரர்கள் கண்டுபிடித்தது என்று எடுத்துவிட்டேன். காற்று குறைந்தால் சொல்லும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னியே கட்டாயமில்லை என்று 2020ல் விதியை மாற்றிவிட்டதையும் சொன்னேன்.

"அப்படியா? ஸ்டெப்னி இல்லாட்டி திருட்டும் இல்ல" என்றார் அக்கா. "ஆனா இன்னிக்கு மாதிரி சைடுல கிழிஞ்சா?"

வாயை மூடிக்கொண்டேன்.

கிளம்பும்போது, இரவல் சக்கரத்தை இறக்கி வைத்தேன். அக்கா நோட்டை எடுத்து, டயரில் இருந்த நம்பரையும் நோட்டில் இருந்த நம்பரையும் விரல் வைத்து ஒப்பிட்டார். கடைசி நாலு இலக்கம் 0621. சரியாக இருந்தது. அந்த வரியை ஒரே கோடாக அடித்தார். பிறகு என் புது டயரின் நம்பரை ஒரு துண்டுச் சீட்டில் எழ்தி என் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்பா டைரியில ஏத்திடச் சொல்லுங்க தம்பி."