கைநாட்டுக் கணக்கு

என் அக்கா மகனுக்குப் பத்து வயசு. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். கால் நிக்காது, பேச்சு குழறும். ஆனா சேரியில யார் கதை சொன்னாலும் முந்திச் சிரிக்கிறவன் அவன்தான். பள்ளிக்கூடப் பதிவேட்டில் அவன் பேர் இருக்கிறது. பக்கத்தில் ‘வீட்டுவழிக் கல்வி’ என்று எழுதியிருக்கிறது.

சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து பயிற்சி தரணும். வந்ததுக்குச் சாட்சி ஒரு நோட்டு. அந்தம்மாவுக்குத் தொகுப்பூதியம், எத்தனையோ ஊர். எங்க பக்கம் வருவது மாசத்தில் ஒருநாள். வராத நாளுக்கும் அக்கா கைநாட்டு வைப்பாள். தேதி போட்டுக் கொடுத்தது நான்தான், எம்.ஏ. தமிழ் படித்த இந்தக் கை. ‘பாவம், அவங்க வேலை போயிடும்’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆய்வுக்கு ஒருவர் வந்தார். சாய்தளம் இருக்கா? இருக்கு. கைப்பிடி? இருக்கு. நோட்டில் கைநாட்டு? இருக்கு. ஊர்த்தெருவையும் வாய்க்காலையும் தாண்டி எங்க தெருவுக்கு அவர் வரவில்லை. பிள்ளையைப் பார்க்காமலே பிள்ளையின் கணக்கு சரியாகிவிட்டது. பள்ளி எழுதியதை வட்டாரம் கூட்டும், வட்டாரத்தை மாவட்டம் கூட்டும், அப்படியே டெல்லி வரைக்கும் போகும். மேலே போகப்போக எண்ணிக்கை பெருக்கும். பிள்ளை காணாமல் போவான்.

2009 கல்வி உரிமைச் சட்டம் பட்டியல் சாதிப் பிள்ளையை ‘வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு’ என்கிறது. 2012 திருத்தம் மாற்றுத்திறனாளிப் பிள்ளையையும் அதில் சேர்த்தது. எங்க பையன் ரெண்டு வகையிலும் வருவான். கடுமையான பாதிப்பு உள்ள பிள்ளை வீட்டிலிருந்தும் படிக்கலாம் என்று அதே திருத்தம் சொல்கிறது. அது பிள்ளைக்குள்ள உரிமை. பள்ளி போடும் உத்தரவு அல்ல. அக்காவை யாரும் கேட்கவில்லை. ‘நீ அங்கேயே இரு’ என்பது நம்ம ஜனங்களுக்குப் புதுசா? இப்போது அதற்கு ஒரு நோட்டும் முத்திரையும் இருக்கு, அவ்வளவுதான். அதில் என் கையெழுத்தும் இருக்கு.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கணும், இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பெத்தவங்களுக்கும் உரிய இடம் வேணும் என்பதும் அதே சட்டம்தான். அக்கா பேரும் குழுவில் உண்டு. கூட்டம் முடிந்தபின் தீர்மான நோட்டு வீட்டுக்கு வரும். கைநாட்டோடு திரும்பிப் போகும்.

இதையெல்லாம் அவளிடம் படித்துச் சொன்னேன். நான் தேதி போட்டதையும் சேர்த்துத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். “இனிமே வந்த நாளை மட்டும் எழுது. அந்தம்மாவுக்கு ஆள் பத்தலைன்னா அதையும் எழுது” என்றாள்.

அடுத்த கூட்டத்துக்கு மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்த்தெரு வழியாகவே நடந்தாள். நோட்டை நீட்டினார்கள்.

“மொதல்ல படிச்சுக் காட்டுங்க” என்றாள்.